ஒரு பாலம் யாருக்குச் சொந்தம்? டெட்ராய்ட் – வின்சர் எல்லையின் கதை

[திரையில்: டெட்ராய்ட் ஆறு, வானத்திலிருந்து]

ஆற்றின் ஒரு கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட், மறு கரையில் கனடாவின் வின்சர். இங்கே கனடா தெற்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் முதலில் நம்ப முடியாது. நடுவில் ஓடும் ஆற்றின் மேல் 1929 முதல் நிற்கிறது ஆம்பாசடர் பாலம். இரு நாடுகளுக்கும் இடையே நடக்கும் வணிகத்தில் ஏறக்குறைய கால்பங்கு பல ஆண்டுகளாக இதன் நான்கு தடங்களில்தான் போய்வந்தது. கார் உதிரிபாகம், தக்காளி, இரும்பு எல்லாம் லாரிகளில்.

எல்லையை வகுத்தவை அரசுகள். எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பவர்கள் அரசு ஊழியர்கள். ஆனால் பாலம் ஒரு குடும்பத்தின் சொத்து. அப்படி இருந்தால் பாலத்தடியில் குடியிருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: 1920களின் கறுப்பு வெள்ளைப் படங்கள்]

முதலில், பாலம் தனியார் கைக்கு எப்படிப் போனது? யாரும் பறித்துக்கொள்ளவில்லை. 1920களில் பாலம் தேவைப்பட்டது. அரசுகள் பணம் போடவில்லை. ஜோசப் பவர் என்ற நிதியாளர் முதலீட்டாளர்களைத் திரட்டினார். டெட்ராய்ட் மேயர் எதிர்த்தார். 1927இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தனியார் பாலத்துக்குப் பெரும்பான்மையோர் ஆதரவு தந்தார்கள். 1929 நவம்பரில் திறந்தபோது, 564 மீட்டர் நடு இடைவெளியுடன் உலகின் மிக நீண்ட தொங்கு பாலம் அதுதான். திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்திருந்தது. நல்ல நேரம் என்று சொல்ல முடியாது.

பின்னர் பாலத்தை வைத்திருந்த நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தன. 1970களின் இறுதியில் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஏறக்குறைய கால்பங்கு வைத்திருந்தார். போட்டியில்லாத இடத்தில் சுங்கம் வசூலிக்கும் தொழில் எவ்வளவு லாபகரமானது என்பது அவருக்குத் தெரியாதா? 1979இல் டெட்ராய்டைச் சேர்ந்த லாரி போக்குவரத்துத் தொழிலதிபர் மானுவல் மொரூன் மொத்தத்தையும் வாங்கிவிட்டார். 2020இல் அவர் இறந்த பிறகும் பாலம் அவர் குடும்பத்திடமே இருந்தது.

[திரையில்: வின்சர், இந்தியன் ரோடு. பலகை அடித்த வீடுகள்]

இனி பாலத்தடிக்கு வருவோம். வின்சர் பக்கம் இருப்பது சாண்ட்விச் பகுதி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. அடிமைத்தளையிலிருந்து தப்பி ஆற்றைக் கடந்து வந்த கறுப்பின மக்கள் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

பழைய பாலத்தை ஒட்டி இன்னொரு பாலம் கட்ட நினைத்த நிறுவனம், இந்தப் பகுதியில் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. நூற்றுக்கும் மேல். வாங்கிய வீடுகளில் யாரையும் குடிவைக்கவில்லை. கதவிலும் ஜன்னலிலும் பலகை அடித்துவிட்டுப் போய்விட்டது. ஒரு தெருவில் நான்கு வீடு பூட்டிக் கிடந்தால் ஐந்தாவது வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்? அவர் வீட்டின் மதிப்பு விழும். இரவில் தெரு இருண்டு கிடக்கும். பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகிச் சுவர் பூஞ்சை பிடிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்க வருவது அதே நிறுவனம்தான்.

வீடுகளை இடிக்க வேண்டும் என்றது நிறுவனம். தெருவே காலியாகிவிடும் என்று பயந்த நகராட்சி இடிக்க அனுமதி மறுத்தது. பிறகு பழுது பார்க்கச் சொல்லி உத்தரவிட்டது. இங்கேதான் நிறுவனம் தன் பெரிய வாதத்தை எடுத்தது. எங்கள் நிறுவனம் 1921இல் கனடா நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது, எனவே உங்கள் நகராட்சி விதிகள் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் 2016இல் முடிவானது இவ்வளவுதான்: இதை மத்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, மாகாண நீதிமன்றத்துக்குப் போங்கள். இத்தனை ஆண்டுகளும் பலகைகள் ஜன்னலில்தான் இருந்தன.

ஆற்றின் மறு கரையிலும் ஏறக்குறைய இதே வாதம்தான். 2008இல், டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பாலத்தில் போக்குவரத்தை நடத்தும் வரையறுத்த அளவில் இந்த நிறுவனம் மத்திய அரசின் கருவியாகவே செயல்படுகிறது, ஆகவே டெட்ராய்டின் நிலப் பயன்பாட்டு விதிகள் அந்த அளவுக்கு அதன் மேல் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுங்கப் பணத்தை எண்ணும்போது இது தனியார் நிறுவனம். வீட்டுப் பக்கத்தில் சுங்கச்சாவடி கட்டாதே என்று நகராட்சி சொல்லும்போது இது அரசின் கருவி. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முடிச்சு இதுதான். தனியார் என்பதனாலேயே ஒரு பாலம் கெட்டதாகிவிடாது. 1929இல் அந்தத் தனியார் பணம் இல்லாமல் பாலமே வந்திருக்காது. ஆனால் அரசுக்குரிய பாதுகாப்பும் தனியாருக்குரிய லாபமும் ஒரே கையில் சேர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரர் போய் முறையிட இடமே இல்லாமல் போகிறது.

[திரையில்: ரிவர்சைடு பூங்கா, கம்பி வேலி]

டெட்ராய்ட் பக்கம் பாலத்தடியில் ரிவர்சைடு பூங்கா என்று நகரத்துக்குச் சொந்தமான ஒரு பூங்கா இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நிறுவனம் அதில் ஒரு பகுதியை வேலி போட்டு அடைத்தது. உள்நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, உள்ளே நுழையக் கூடாது என்று பலகையும் தொங்கியது. மீன் பிடிக்க வந்தவர்கள் அரசே தடை போட்டிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நகரம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வேலியை அகற்ற உத்தரவு பெற்றது.

அடுத்து லாரிகள். பாலத்திலிருந்து இறங்கும் லாரி குடியிருப்புத் தெருக்களில் நுழையாமல் நேரே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும் என்பதற்காக மாநில அரசும் நிறுவனமும் சேர்ந்து சாலை அமைக்க ஒப்பந்தம் போட்டன. அரசு தன் பங்கைக் கட்டியது. நிறுவனம் தன் பங்கை ஒப்பந்த வரைபடப்படி கட்டவில்லை. சாலை போக வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் வரியில்லாக் கடையும் பெட்ரோல் பங்க்கும் நின்றன. இரண்டாவது பாலத்துக்கென்று எழுப்பிய ஒரு சரிவுப்பாதை எங்கும் போய்ச் சேராமல் அந்தரத்தில் முடிந்தது. லாரிகள் தெருக்களிலேயே போய்க்கொண்டிருந்தன. இடித்துச் சரியாகக் கட்டு என்று 2010இல் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2012 ஜனவரியில், நீதிமன்ற அவமதிப்புக்காக 84 வயது மொரூன் ஓர் இரவைச் சிறையில் கழித்தார். பிறகு மாநில அரசே அந்த வேலையை எடுத்து, அதே ஆண்டு முடித்தது.

[திரையில்: கோர்டி ஹவ் பாலத்தின் கோபுரங்கள்]

அப்படியானால் அரசே ஒரு பாலம் கட்டினால் என்ன? கனடா அதைத்தான் முடிவு செய்தது. மிச்சிகன் சட்டமன்றம் ஒப்புதல் தரவில்லை. ஆகவே 2012 ஜூனில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் சட்டமன்றத்தைச் சுற்றிக்கொண்டு கனடாவோடு நேரே ஒப்பந்தம் போட்டார். முழுச் செலவும் கனடாவுடையது. சுங்கக் கட்டணத்திலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பாலம் கனடாவுக்கும் மிச்சிகனுக்கும் பொதுச் சொத்து. மொரூன் தரப்பு 3 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, மக்கள் வாக்களிக்காமல் புதிய எல்லைப் பாலம் கட்டக்கூடாது என்று மாநில அரசியலமைப்பையே திருத்த முயன்றது. அந்த நவம்பரில் வாக்காளர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள்.

புதிய பாலத்துக்கு ஐஸ் ஹாக்கி வீரர் கோர்டி ஹவின் பெயர். கனடாவில் பிறந்து டெட்ராய்ட் அணிக்காக ஆடியவர். நடு இடைவெளி 853 மீட்டர், ஆறு தடங்கள், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தனிப் பாதை. இரு நாடுகளிலிருந்தும் நீண்டு வந்த தளங்கள் 2024 ஜூனில் ஆற்றின் மேல் இணைந்தன. செலவு மதிப்பீடு 640 கோடி கனடிய டாலர். கட்டுவதும் முதல் 30 ஆண்டுகள் நடத்துவதும் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்புதான். உரிமை மட்டும் பொதுவில் இருக்கிறது.

[திரையில்: டெல்ரே. காலி மனைகள், தொலைவில் ஆலைப் புகைபோக்கிகள்]

இதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய பாலம் டெட்ராய்டில் இறங்கும் இடம் டெல்ரே. ஒரு காலத்தில் ஹங்கேரியக் குடும்பங்கள் நிறைந்த ஊர்; 1906இல் நகரத்தோடு சேர்ந்தது. ஒரு பக்கம் இரும்பாலை, மறு பக்கம் நகரத்தின் பிரம்மாண்டமான கழிவுநீர் நிலையம். ஆண்டுக்காண்டு மக்கள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே காலியாகிவிட்ட இடம் என்பதால்தான் சுங்கச்சாவடி வளாகம் அங்கே சுலபமாக வந்தது. காலியாக விட்டது யார் என்று பார்த்தால், பல பத்தாண்டுகளாக அந்த ஊரை ஆலைகளுக்கு ஒதுக்கிய அதே அரசும் நகரமும்தான்.

வளாகத்துக்குள் வந்த வீடுகளை அரசு விலை கொடுத்து வாங்கியது. கோட்டுக்கு வெளியே ஒரு தெரு தள்ளி இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இழப்பீடு இல்லை, வாசலில் தூசியும் இரைச்சலும் மட்டும். பகுதி மக்கள் 2008 முதலே கூட்டமைப்பாகச் சேர்ந்து, எங்களுக்கு என்ன தருவீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017இல் நகரம் பாலத்துக்குத் தேவையான தன் நிலங்களையும் தெருக்களையும் 4.8 கோடி டாலருக்கு மாநிலத்துக்கு விற்றபோது, அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பகுதிக்கே ஒதுக்கப்பட்டது. விரும்புபவர் தன் டெல்ரே வீட்டைக் கொடுத்துவிட்டு, நகரத்தில் வேறிடத்தில் புதுப்பித்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இரைச்சலையும் புகையையும் தடுக்கும் ஜன்னல், ஏசி.

நூறாண்டுப் புகையை இது ஈடுகட்டாது. பலர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆனால் புதிய பாலத்தைக் கவனிக்கும் வின்சர்–டெட்ராய்ட் பாலம் ஆணையம், கனடா அரசுக்குச் சொந்தமான அமைப்பு. இரு கரையிலும் உள்ள மக்களுக்கு என்ன செய்வோம் என்று 2019இல் எழுதி வெளியிட்டது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தருகிறது. டெல்ரேயில் இன்னும் குடியிருப்பவர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, என் தெருவுக்கு வர வேண்டியது எங்கே என்று ஆணையத்தின் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.