காட்டுப் பாதையில் பாம்பைக் கண்டால்

நேயர்களுக்கு வணக்கம். நம் மலையடிவாரக் காடுகளில் நடக்கப் போகிறவர்கள் பாம்பைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "தலை முக்கோணமா இருந்தா விஷம்தானே?" இந்தக் கணக்கை நம்பிவிடாதீர்கள். நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் தலை முக்கோணமாக இருக்காது. இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடியவை. விஷமே இல்லாத மலைப்பாம்புக்கோ தலை அகன்று முக்கோணமாகத்தான் இருக்கும்.

பகலில் பாதையைக் குறுக்கே கடந்து விருட்டென்று ஓடுகிற நீளமான பாம்பு பெரும்பாலும் சாரை. பெரிய கண், உதட்டோரத்தில் கறுப்புக் கோடுகள். எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிற பாம்பு அது. ஆனால் படம் எடுக்காத நல்ல பாம்பும் பார்வைக்குச் சாரை மாதிரியே இருக்கும். படம் விரித்தால்தான் நல்ல பாம்பு என்று நினைத்து அருகில் போகக்கூடாது.

அதைவிடக் குழப்புகிற ஜோடி கட்டு விரியனும் ஓநாய்ப் பாம்பும். ஓநாய்ப் பாம்புக்கு விஷம் கிடையாது. அதன் வெள்ளைப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். கட்டு விரியனுக்குக் கழுத்துப் பக்கம் பெரும்பாலும் வெறும் கறுப்பு. கொஞ்சம் தள்ளித்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பல நேரம் இரண்டிரண்டாக, தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும். உடம்பு எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். ஆனால் குட்டிகளில் இந்த அடையாளம் மாறும், சில பெரிய பாம்புகளிலும் மாறும். அதனால் இரவில் டார்ச் வெளிச்சத்தில் சந்தேகம் வந்தால், அதைக் கட்டு விரியன் என்றே வைத்துக்கொண்டு விலகுங்கள். காட்டில் தங்கும்போது வெறுந்தரையில் படுக்க வேண்டாம். கட்டு விரியன் கடி பல சமயம் வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி வந்து இமைகள் தானாகச் சரிந்தால், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. கேட்கவே நெஞ்சு பதறுகிறது. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். கண்ணாடி விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல மூன்று வரிசையாக ஓடும். நெருங்கினால் பலமாகச் சீறும். சுருட்டை விரியன் சின்னது. உடம்பை மடித்துச் செதில்களை உரசி சரசரவென்று ஒலி எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலிருந்து மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பச்சை நிறத்தில் கிளையில் ஒரு பாம்பு தெரிந்தால்? கொடிபோல ஒல்லியாக, மூக்கு கூராக இருந்தால் பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று சொல்லி இதை எத்தனை பேர் அடித்துக் கொன்றிருக்கிறார்கள்! இதன் லேசான விஷம் பல்லி, ஓணானுக்குத்தான். மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. கொம்பேறி மூக்கனுக்கு அந்த லேசான விஷமும் கிடையாது. கடித்தவரின் பிணம் எரிவதை மரத்தில் ஏறி நின்று பார்க்கும் என்பது வெறும் கதை. ஆனால் கிளையில் தெரியும் பச்சை நிறப் பாம்பு உடம்பு தடித்து, தலை அகன்று, அசையாமல் கிடந்தால் அது விஷமுள்ள மூங்கில் குழிவிரியனாக இருக்கலாம். அதனால் மலைப்பாதையில் கிளையைப் பிடிப்பதற்கு முன் ஒரு முறை பாருங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது? கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, 108க்குச் சொல்லுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. அதில் இன்னொருவருக்கும் கடி விழும்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கப்பட்ட, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுக்குள், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த ஒரு சிறிய குழிவிரியன் இருக்கிறது. அதன் விஷத்தை இந்த மருந்து முறிக்காது. ஆகவே எந்த மலையில், எந்த நேரத்தில் கடி விழுந்தது, பாம்பு என்ன நிறம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எட்டி நின்று எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.