நூறு மில்லிகியூரி என்றால் நூறுதானா?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் வெளியூர் மருத்துவமனைக்குச் சென்று, கதிரியக்க அயோடின் விழுங்கி, சில நாள் தனியறையில் இருந்து திரும்பியவர்கள் உங்கள் உறவிலும் இருக்கக்கூடும். மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. அவர்களுடைய சீட்டில் அயோடின்-131 நூறு மில்லிகியூரி என்று எழுதியிருந்தால், அது மெய்யாகவே நூறுதானா என்பதே என் பேச்சு. குறைந்தால் எஞ்சிய நோய்த்திசு தப்பிவிடலாம். கூடினால் உமிழ்நீர்ச் சுரப்பியும் எலும்பு மஜ்ஜையும் வீணே கதிரை வாங்கும்.

இதை அளப்பது, நடுவில் குழியுள்ள, வாயு அடைத்த ஓர் உலோகக் கலம். மருந்துப் புட்டியைக் குழிக்குள் இறக்கினால், வெளிவரும் கதிர் வாயுவில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கருவி அறிவது அந்த மின்னோட்டத்தை மட்டுமே. அதை மில்லிகியூரியாக மாற்றுவது, ஒவ்வொரு மருந்துக்கும் நாம் முன்கூட்டியே கொடுத்துவைத்த ஓர் எண். மறுபடியும் சொல்கிறேன்: கருவிக்குத் தெரிவது புட்டியின் சுவரைக் கடந்து வந்த கதிர்தான். அரக்கு அடைத்த பழைய நகையை எடை போடுபவர் அரக்கைக் கணக்கில் கொண்டே தங்கத்தை மதிப்பிடுவார் அல்லவா, அதுபோல இங்கே பாத்திரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்லீரல் கட்டிக்குத் தரும் இட்ரியம்-90இல் இது மிகக் கூர்மையாகத் தெரியும். அதன் பீட்டா கதிர் பாத்திரத்திலேயே நின்றுவிட, அப்போது பிறக்கும் எக்ஸ் கதிரைத்தான் கலம் உணர்கிறது. கண்ணாடிப் புட்டிக்குக் கண்டறிந்த எண்ணைப் பிளாஸ்டிக் ஊசிக்குழலுக்கு வைத்தால் விடை மாறிவிடும்.

இந்தக் கவலை புதிதன்று. 1911இல் மேரி கியூரி அம்மையார் 21.99 மில்லிகிராம் ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, உலகத்துக்கே அளவுகோலாகத் தந்தார். வியன்னாவில் வேதியியலாளர் ஹோனிக்‌ஷ்மிட் தனியே தயாரித்த ரேடியத்தை 1912இல் பாரிசுக்குக் கொண்டுவந்து, குழாயைத் திறக்காமல் காமா கதிரைக் கொண்டே இரண்டையும் ஒப்பிட்டார்கள்; இரண்டும் ஒத்துப்போயின. அத்தனை பெரிய அறிஞரின் அளவையும் வேறொருவர் சரிபார்த்த பிறகே உலகம் ஏற்றது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்று நம் நாட்டின் அளவுகோலை மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் காக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக் கருவியின் அளவும் அந்த அளவுகோலோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்க வேண்டும். நாள்தோறும் காலையில், கதிரியக்கம் பாதியாகக் குறைய முப்பது ஆண்டு ஆகும் சீசியம்-137 போன்ற ஒரு கதிர்மூலத்தை வைத்துக் கருவி நிலைமாறாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடிகாரமும் அளவுகருவிதான். அயோடின்-131 ஒரே நாளில் எட்டு விழுக்காடு குறைந்துவிடும் என்பதால், மணி எழுதாத அளவு பயன்படாது.

நேரம் நெருங்கிவிட்டது. ஊசி போட்டபின் வெற்றுக்குழலையும் அளந்து, அதில் ஒட்டி நின்றதைக் கழிக்க வேண்டும். மருந்து எந்த உறுப்பில் எவ்வளவு தங்குகிறது என்று காமா கேமரா அளப்பதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அந்தக் கேமராவின் எண்ணிக்கையும் இதே கலத்தில் அளந்த மருந்தோடு ஒப்பிட்டே கதிரியக்க அளவாக மாறுகிறது, ஆகவே இங்கே நேரும் பிழை அங்கும் அப்படியே சென்று சேரும். வணக்கம்.