பி4-ஆ, டி3-ஆ? இத்தாலியனில் வெள்ளையின் இரண்டு வழிகள்

[திரை: செஸ் பலகை. காய்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன]

ஈ4, ஈ5 (காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய்). குதிரை எஃப்3, குதிரை சி6. மந்திரி சி4, மந்திரி சி5. இதுதான் இத்தாலியன் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க வரிசைகளில் ஒன்று. வெள்ளை இப்போது நான்காவது நகர்த்தல் ஆட வேண்டும். ஆட்டம் சண்டையா நிதானமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

[திரை: பி4]

இது இவான்ஸ் கேம்பிட். கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயை வேண்டுமென்றே கொடுப்பது. 1820களில் வில்லியம் டேவிஸ் இவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் கொண்டுவந்தது. கறுப்பு மந்திரி அந்தச் சிப்பாயை வெட்டியதும் சி3 போட்டு மிரட்டுகிறோம். மந்திரி மறுபடி ஓட வேண்டும். அதற்குள் டி4 போட்டு நடுப்பலகையைப் பிடித்துவிடுகிறோம். கொடுத்தது ஒரு சிப்பாய், வாங்கியது நேரம். அந்த நேரத்தைச் சீக்கிரம் தாக்குதலாக்காவிட்டால், கையில் இருப்பது ஒரு சிப்பாய் குறைந்த ஆட்டம்தான்.

1995, ரிகா. காஸ்பரோவ் வெள்ளை, நம் ஆனந்த் கறுப்பு. மந்திரியை ஈ7க்கு இழுத்த ஆனந்த், குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் சி4 மந்திரியை மிரட்டினார்.

[திரை: மந்திரி ஈ2]

காஸ்பரோவ் சத்தமில்லாமல் மந்திரியை ஈ2க்குப் பின்வாங்கினார். சிப்பாயைக் கொடுத்துவிட்டு இப்படிப் பொறுமையாக ஒரு நகர்த்தல்! எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்புறம் ராணி டி4, எச்4, ஜி3 என்று சுற்றிவந்து ஜி7ஐக் குறிவைத்தது. ஆனந்த் ஜி6 போட வேண்டியதாயிற்று. அதனால் திறந்த எச்6 கட்டத்தில் 15ஆவது நகர்த்தலில் மந்திரி வந்து உட்கார்ந்தது. அது எஃப்8 கட்டத்தைத் தாக்குவதால், கறுப்புக்கு இனி ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றிப் பாதுகாப்பாக வைப்பது) கிடையாது. 25 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

[திரை: மீண்டும் நான்காவது நகர்த்தல். சி3, பிறகு டி3]

சரி, நிதானமான வழி. இதற்கு இத்தாலிய மொழியில் ஜியோகோ பியானிசிமோ என்று பெயர். மிக அமைதியான ஆட்டம் என்று பொருள். காஸ்லிங், யானை ஈ1. பி1 குதிரை டி2, எஃப்1 வழியாக ஜி3க்குப் போகும். மூன்று நகர்த்தல் ஒரே குதிரைக்கு! நடுப்பலகை மூடியிருப்பதால் கட்டுபடியாகிறது. அங்கிருந்து அதன் கண் எஃப்5 மேல். 2000இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கிராம்னிக், பெர்லின் டிஃபென்ஸ் என்ற தற்காப்பால் காஸ்பரோவின் ரூய் லோபஸை (மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை பி5க்குக் கொண்டுபோகும் இன்னொரு ஓப்பனிங்) அடைத்தார். அதன்பின் வந்த ஆண்டுகளில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இந்த வழிக்கு வந்தார்கள்.

புதிதாக ஆடுபவர்களுக்கு நான் சொல்வது: முதலில் இவான்ஸ் ஆடுங்கள். ஒரு நகர்த்தல் வீணானால் என்ன விலை என்று அதில் உடனே தெரியும். பியானிசிமோவுக்கு வரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நடுப்பலகையைத் திறக்க, கறுப்பு எப்போது டி5 தள்ளப்போகிறது?