கறுப்பு ஷெரிப் வந்த ஊர்

வணக்கம். கௌபாய் படம் என்றால் நமக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. குதிரை, துப்பாக்கி, புழுதி, கடைசியில் நடுத்தெருவில் ஒரு மோதல். அந்தக் கணக்கையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு வேண்டுமென்றே கலைத்துப்போட்ட ஒரு படத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். மெல் ப்ரூக்ஸ் இயக்கி, வார்னர் பிரதர்ஸ் 1974 பிப்ரவரியில் வெளியிட்ட 'பிளேசிங் சாடில்ஸ்'. வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நிறவெறியை மையமாக வைத்த ஒரு படத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதில் இந்தப் படத்துக்கு இருந்த தெளிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கதை நடக்கும் ஆண்டு 1874. புதிய ரயில் பாதை ராக் ரிட்ஜ் என்ற ஊரின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. ஊரைக் காலி செய்தால் நிலத்தைச் சுருட்டலாம் என்று அரசு வழக்கறிஞர் ஹெட்லி லமார் திட்டம் போடுகிறார். தூக்குத் தண்டனைக்குக் காத்திருக்கும் பார்ட் என்ற கறுப்பு ரயில்வே தொழிலாளியை அந்த ஊருக்கு ஷெரிப்பாக, அதாவது சட்டம் காக்கும் அதிகாரியாக, அனுப்புகிறார். கறுப்பு ஷெரிப்பைப் பார்த்ததும் வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டே ஓடிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

பார்ட்டுக்குத் தூக்கு எதற்கு? ஆரம்பத்தில் ஒரு காட்சி. பாதை போகும் இடத்தில் புதைமணல் இருக்கிறதா என்று பார்க்கப் பார்ட்டையும் இன்னொரு கறுப்புத் தொழிலாளியையும் தள்ளுவண்டியில் அனுப்புகிறார்கள். வண்டி புதைகிறது, இரண்டு பேரும் கழுத்துவரை புதைகிறார்கள். மேஸ்திரிகள் பதறியடித்துக்கொண்டு கயிறு போடுகிறார்கள். எதற்கு? வண்டிக்கு. 400 டாலர் வண்டி நல்லவேளை போகவில்லை என்று பெருமூச்சு விடுகிறார்கள். மனிதர்கள் தாங்களாகவே கரையேறி வருகிறார்கள். வந்த பார்ட், மண்வெட்டியை எடுத்து மேஸ்திரியின் தலையில் ஒரு போடு போடுகிறான். ரயில் பாதை போட்டவர்களின் உயிருக்கு என்ன விலை இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

அதற்கும் முன்னால் வரும் பாட்டுக் காட்சியும் அப்படித்தான். அடிமைக் காலத்துப் பாட்டு ஒன்று பாடுங்கடா என்று மேஸ்திரிகள் மிரட்டுகிறார்கள். தொழிலாளிகள் இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் நாகரிகமான காதல் பாட்டை, அழகாகச் சுருதி சேர்த்துப் பாடுகிறார்கள். கடுப்பான மேஸ்திரிகள் 'இப்படிப் பாடணும்' என்று தாங்களே குதித்துக் குதித்து ஆடிக் காட்டுகிறார்கள். கறுப்பர்களிடம் எதிர்பார்த்த கோமாளித்தனத்தையெல்லாம் வெள்ளைக்காரர்களே செய்து முடிக்கிறார்கள். தொழிலாளிகள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? எழுதியவர்களிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். மூலக்கதை ஆண்ட்ரூ பெர்க்மனுடையது. ப்ரூக்ஸ் அவரையும் சேர்த்துக்கொண்டு, நார்மன் ஸ்டைன்பர்க், ஆலன் உகர், ரிச்சர்ட் ப்ரையர் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். ப்ரையர் கறுப்பினத்தவர், அப்போது மேடையில் நெருப்பாகப் பேசிக்கொண்டிருந்த நகைச்சுவைக் கலைஞர். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த ஆங்கிலச் சொல் படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே வரலாம், யார் வாயில் வரலாம் என்பதற்கு அந்த அறையில் ப்ரையர் இருந்தார். ப்ரூக்ஸும் புரூக்ளினில் வளர்ந்த யூதர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராகப் போய் நின்றவர். வெறுப்பு எப்படி வேலை செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்ட்டாக ப்ரையரையே நடிக்க வைக்கத்தான் ப்ரூக்ஸ் ஆசைப்பட்டார். ஸ்டுடியோ ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்குக் கிளீவன் லிட்டில் வந்தார். குடிகாரத் துப்பாக்கி வீரன் ஜிம் வேடத்துக்கு முதலில் வந்தவர் கிக் யங். முதல் நாள் படப்பிடிப்பிலேயே அவர் உடல்நிலை மோசமாகிவிட, ஜீன் வைல்டர் அவசரமாக வந்து சேர்ந்தார். தலைப்புப் பாடலைப் பாடிய ஃபிராங்கி லேன், இது கேலிப் படம் என்று தெரியாமல் உண்மையான வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம் என்று நம்பி உருகிப் பாடினார். ப்ரூக்ஸும் அவரிடம் சொல்லவில்லை. அந்த உருக்கம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது.

முடிந்த படத்தைப் பார்த்த ஸ்டுடியோத் தலைவர் வெட்ட வேண்டிய காட்சிகளின் பட்டியலையே சொன்னாராம். ப்ரூக்ஸ் பவ்யமாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அவர் போனதும் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாராம். படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை ஒப்பந்தப்படி அவர் கையில் இருந்தது. அதனால்தான் படம் பிழைத்தது.

குறையும் உண்டு. கடைசியில் சண்டை ஸ்டுடியோச் சுவரை உடைத்துக்கொண்டு இன்னொரு படப்பிடிப்புக்குள் புகுகிறது. அற்புதமான யோசனை. ஆனால் அங்கே ஆடிக்கொண்டிருக்கும் ஆண்களின் நளினத்தைக் கேலி செய்யும் இடத்தில் படம் பலமானவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கறுப்பர் விஷயத்தில் காட்டிய கவனத்தை அங்கே காட்டவில்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து கௌபாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் 1875-இல் துணை மார்ஷலாக, அதாவது மத்திய அரசின் சட்ட அதிகாரியாக, பதவியேற்று நீண்ட காலம் சட்டத்தைக் காத்தார். ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் படங்கள் பல பத்தாண்டுகள் இவர்களைக் கண்ணில் காட்டவே இல்லை. அபத்தம் என்று நாம் சிரிக்கும் கறுப்பு ஷெரிப்தான் வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

லிட்டிலைக் கவனித்துப் பாருங்கள். ஊரே துப்பாக்கியை நீட்டும்போது பார்ட் தன் தலையிலேயே துப்பாக்கியை வைத்துத் தன்னையே பணயக்கைதி ஆக்கிக்கொள்கிறான். ஒரு நொடி கர்ஜிக்கும் கடத்தல்காரன், மறுநொடி நடுங்கும் அப்பாவி. ஊர் மக்கள் பதறிப்போய்த் துப்பாக்கியை இறக்குகிறார்கள். காலையில் அவனைத் திட்டிய கிழவி, அவன் ஊரைக் காப்பாற்றிய பிறகு இரவில் ஜன்னல் வழியாகப் பலகாரம் கொடுத்துவிட்டு, 'நான் உன்னோடு பேசியதை யாரிடமும் சொல்லிவிடாதே' என்கிறாள். அப்போது லிட்டில் முகத்தில் கோபம் இல்லை, குழைவும் இல்லை. இவர்களை முழுதாகப் புரிந்துகொண்ட ஒருவனின் பொறுமை தெரிகிறது. இந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. பாடகி வேடத்தில் நடித்த மேடலின் கானுக்கு ஒன்று, அவர் அதற்கு முழுத் தகுதியானவர். படத்தொகுப்புக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று. லிட்டில் பெயர் அதில் இல்லை. 1992-இல் அவர் இறந்தபோது வயது 53. இந்த அளவுக்கு ஒரு வேடத்தை ஹாலிவுட் அவருக்கு மறுபடி கொடுக்கவே இல்லை. எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.