பழைய சைக்கிளில் ஒரு கொக்கு: உப்புக்காத்துக்குத் தாங்குற மாதிரி

(காட்சி: மேசையில் சைக்கிள் ஃபோர்க், மட்கார்டு ஜோடி, செயின், துருப்பிடித்த தையல் கத்தரிக்கோல்)

புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில ஒத்தக்கால்ல நிக்குமே, அந்தக் கொக்கைத்தான் பழைய சைக்கிள் இரும்பை வெல்டிங் பண்ணிச் செய்யப்போறோம். ஆனா நம்ம கொக்குக்கு ரெண்டு காலும் தரையில. உயரம் ரெண்டரை அடி. கால் ஃபோர்க், உடம்பு மட்கார்டு, கழுத்து செயின், மூக்கு கத்தரிக்கோல். கத்தி வாய்க்கும் அலகுன்னுதான் பேரு, பறவை மூக்குக்கும் அலகுதான். தமிழே டிசைன் போட்டுக் குடுத்திருச்சு.

காயலான் கடைக்கோ, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கோ போறப்ப பையில ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டாததை வாங்காதீங்க. அலுமினியம்னா இரும்புக்கான நம்ம சாதா 6013 வெல்டிங் ராடு அதுல பிடிக்கவே பிடிக்காது. பைக் ஷாக் அப்சார்பர் பார்க்க அழகாத்தான் இருக்கும். உள்ள எண்ணெய் அடைச்சு மூடியிருக்கு, சூடேறினா வெடிக்கும். தொடவே வேணாம்.

கழுத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. செயின்ல அரை இன்ச்சுக்கு ஒரு கண்ணி. 32 கண்ணி எடுத்தா 40 செ.மீ. வரும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெய்ல ஊறவைச்சு, பிரஷ்ஷால தேய்ச்சு, சோப்புத்தூள் போட்ட வெந்நீர்ல அலசி, வெயில்ல காயவைங்க. மண்ணெண்ணெய் வாடை சுத்தமா போகணும். கிரீஸ் மிச்சம் இருந்தா வெல்டு முழுக்கப் பொத்தல்.

(காட்சி: இரும்புத் தகட்டில் சாக்பீஸ் வளைவு, அதன்மேல் செயின்)

2.5 மி.மீ. ராடு, 70 ஆம்பியர். கண்ணி விட்டுக் கண்ணி டேக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிங்க, திருப்பிப் போட்டு மிச்சத்தை முடிங்க. வரிசையா அடிச்சீங்கன்னா சூடு ஒரு பக்கமா இழுத்து, கொக்குக் கழுத்து கோழிக் கழுத்தாயிடும்.

ஃபோர்க்ல வெல்டு விழுற இடத்தைச் சுத்தி ஒரு இன்ச்சுக்குக் குரோமைக் கிரைண்டர்ல எடுத்திருங்க, மாஸ்க்கோட. அந்தப் புகை ஆகாது. ஜி.ஐ. பைப் சேர்க்குறதா இருந்தா துத்தநாகப் பூச்சையும் எடுக்கணும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல்தான்.

மட்கார்டு தகடு மெல்லிசு, பாரம் தாங்காது. அதனால 8 மி.மீ. கம்பி ஒண்ணை முதுகெலும்பா ஃபோர்க் தலையில பத்தவைச்சு, தகட்டை அதுமேல போர்த்துங்க. இங்க 2 மி.மீ. ராடு, 45 ஆம்பியர், டக்குன்னு வைச்சு டக்குன்னு எடுக்கணும். அடித்தகடு 30 செ.மீ. சதுரம், 10 மி.மீ. கனம். அதுவே 7 கிலோ, கடற்காத்துல சாயாது.

இனி உப்பு. துரு அழகா இருக்குன்னு மேல வார்னிஷ் மட்டும் அடிக்காதீங்க. புதுச்சேரி ஈரத்துல அடியில துரு வளர்ந்து கொப்பளமா உரியும். நல்ல தண்ணியில கழுவி, முழுசா காஞ்சதும் அன்னிக்கே எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட். செயின் இடுக்குக்குப் பிரஷ் போகாது, ஸ்பிரேதான். ஃபோர்க் கால் உள்ள குழல்; தேங்குற தண்ணி உள்ளேயிருந்து அரிக்கும். ரெண்டு கால் அடியிலயும் 6 மி.மீ. ஓட்டை போடுங்க. பிரைமர் அதை அடைச்சுக்கும், காஞ்சதும் ஒரு ஆணியால குத்தி விட்ருங்க.