குணசாலியின் கையில் ஆட்டுத்தோல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளை அறிமுகம் செய்கிறது. ஏசா வேட்டையில் வல்லவன், யாக்கோபு 'குணசாலி'. எபிரெய மூலத்தில் 'தாம்' என்று இருக்கிறது. யோபுவை 'உத்தமன்' என்று சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். அந்தக் குணசாலி, இரண்டே அதிகாரம் தள்ளி, வேட்டைக்கறி சமைத்துக் கொண்டுவா என்று ஏசாவை அனுப்பிவிட்டு அவனை ஆசீர்வதிக்கக் காத்திருக்கும் கண் மங்கிய தகப்பன் முன்னால் நின்று, அந்த ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொள்ள, "நான் உமது மூத்த மகன் ஏசா" என்கிறான்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்போமே, அந்தக் கூடாரத்தில் பெற்றவர்கள் இருவருமே அப்படித்தான். ஈசாக்குக்கு ஏசாவின்மேல் பட்சம். காரணம், வேட்டைக்கறியின் ருசி. ரெபெக்காளுக்கு யாக்கோபின்மேல் அன்பு, காரணம் சொல்லப்படவில்லை. "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்ற தேவவாக்கைக் கர்ப்பத்திலேயே கேட்டவளாயிற்றே என்று அவளுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். வாக்குக் கொடுத்தவருக்கு, யாக்கோபை ஏசாவாகக் காட்ட அவள் எடுத்த ஆட்டுத்தோல் எதற்கு?

ஞாயிறு பள்ளிப் படங்களில் யாக்கோபு மீசை முளைக்காத பையனாக நிற்பான். கணக்குப் பாருங்கள். ஏசா 40 வயதில் மணம் முடித்த செய்தி 26ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஏமாற்று வேலை 27இல். ஆக, நாற்பது வயதை எட்டிய ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்க, ரோமம் அடர்ந்த ஏசாவின் கைபோல் இருக்கட்டும் என்று தாய் அதில் வெள்ளாட்டுக்குட்டியின் தோலைச் சுற்றிவிடுகிறாள். அண்ணனின் நல்ல உடையை எடுத்து உடுத்திவிடுகிறாள். சமையலும் அவளுடையதே.

அவன் தயங்காமல் இல்லை. ஆனால் எதற்குத் தயங்கினான்? அப்பா தடவிப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வேன், சாபம் வரும் என்று. பொய் சொல்லலாமா என்று அவன் கேட்கவே இல்லை. தாய் சொல்கிறாள்: "உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும்."

தாய்மையின் உச்சம் என்று இதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கோ அந்த அதிகாரத்திலேயே அச்சமூட்டும் வரி இதுதான். மகன் செலுத்த வேண்டிய கடனைத் தன் முந்தானையில் முடிந்துகொள்கிறாள். கடன் இல்லாதவனுக்குக் கை தாராளமாகிவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று தகப்பன் கேட்டபோது, "உம்முடைய தேவனாகிய கர்த்தர் கிடைக்கச் செய்தார்" என்றானே, அது தாய் சொல்லிக்கொடுத்த வசனம் அல்ல. அவனுடைய சொந்தச் சரக்கு.

அண்ணன் கொல்லத் துணிந்ததும், "சிலநாள்" தன் சகோதரன் லாபானிடம் இருந்துவிட்டு வா என்று ஆரானுக்கு அனுப்புகிறாள். அந்தச் சிலநாள் 20 வருடம் ஆயிற்று. தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக வேதம் சொல்லவில்லை. அவளுடைய தாதி தெபொராள் இறந்தது எழுதப்பட்டிருக்கிறது. ரெபெக்காள் அடக்கம் செய்யப்பட்ட இடம் மட்டும் பின்னால் ஒரு வரியில் வருகிறது.

திரும்பும் வழியில், யாப்போக்கு ஆற்றங்கரையில், இரவெல்லாம் ஒருவர் அவனோடு போராடுகிறார். "உன் பேர் என்ன?" அன்று தகப்பன் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். இந்த முறை பக்கத்தில் அம்மா இல்லை. "யாக்கோபு" என்கிறான்.

பொழுது விடிகிறது. எதிரே ஏசா, 400 பேரோடு. அந்தப் போராட்டத்தில் தொடை சுளுக்கியதால் நொண்டிக்கொண்டே யாக்கோபு எல்லாருக்கும் முன்னால் நடக்கிறான். அதுவரை யாருக்கும் முன்னால் நடக்காதவன். ஆனால் குடும்பத்தை அவன் நிறுத்திய வரிசையையும் வேதம் விடாமல் சொல்கிறது. அவனுக்குப் பிள்ளை பெற்ற பணிவிடைக்காரிகளும் அவர்கள் பிள்ளைகளும் முதலில். மூத்த மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும் நடுவில். அவன் அதிகம் நேசித்த மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும் கடைசியில், பத்திரமாக.

முன்வரிசையில் நின்ற பையன்கள் ஒருமுறையாவது பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.