மலை ஏறும்போது கியர் ஆயில் எத்தனை டிகிரி?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் வேலூர்ப் பக்கத்துப் பழைய லாரி டிரைவர் ஒருவரிடம் கியர் ஆயிலின் சூட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். அவர் காலத்து வண்டியில் கியரை அவரே கைப்பட மாற்றினார். பெட்டிக்குள் பல்சக்கரங்கள் ஆயிலில் புரண்டு ஓடின. ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் என்ற பேச்சே இல்லை. அந்த வண்டிக்கு அவர் சிரிப்பு சரிதான். கிளட்ச் பெடல் இல்லாத புதிய வண்டிகளிலும் ஏ.எம்.டி. வகைக்கு அது பொருந்தும். அதில் இருப்பது பழைய கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரம்.

இன்று நான் பேசப்போவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் கியர் ஆயிலுக்குக் கூலரும் வெப்ப மீட்டரும் பொருத்துவதைப் பற்றி. ஐசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்அப்களின் ஆட்டோமேட்டிக் மாடல்கள், அலிசன் கம்பெனியின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பொருத்திய டிப்பர்கள், தீயணைப்பு வண்டிகள் எல்லாம் இந்த வகை. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, அதன் எதிரே ஓடாத இன்னொன்றை வைத்தால் அதுவும் மெல்லச் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் பக்கமும் கியர் பாக்ஸ் பக்கமும் ஒரே வேகத்தில் சுழலாதபோது இடையில் வீணாகும் சக்தி முழுவதும் சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும்; சூடும் தணிந்துவிடும். ஆகவே பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரை நேர் சாலையில் ஓடும் வண்டிக்குக் கவலை குறைவு. பொன்னேரியில் திரும்பி, லோடுடன் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் வண்டிக்குத்தான் சோதனை. அங்கே வேகம் குறைவு, பூட்டு விழாது, முன்னால் இருந்து காற்றும் வராது.

இதில் பலரை ஏமாற்றுவது டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள். அது இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டுவது. அது நடுவில் அசையாமல் நிற்கும்போதே கியர் ஆயில் 120 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை ஆயிலுக்கு நல்லது. சில புதிய வண்டிகள் 100-ஐ ஒட்டி ஓடும்படியே அமைக்கப்பட்டவை. வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. அந்த அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. துல்லியமான விதி அன்று. ஆனால் பெரிதாகத் தவறாது.

கம்பெனி தரும் கூலர் பெரும்பாலும் ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கியர் பாக்ஸிலிருந்து சூடான ஆயில் ஒரு குழாயில் வந்து, தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாயில் திரும்புகிறது. தண்ணீர் சூட்டை விரைவாக வாங்கும். வண்டி நின்றாலும் வாங்கும். ஆனால் அந்தத் தண்ணீரின் சூட்டைவிடக் கீழே ஆயிலை அதனால் கொண்டுபோக முடியாது. கூடுதலாக ஒரு காற்றுக் கூலர் போடுவது இதற்காகத்தான். அக்னி நட்சத்திர வெயிலில் வெளிக்காற்று 40 டிகிரி இருந்தாலும், 100 டிகிரி ஆயிலுக்கு அது குளிர்காற்றே.

எதை முதலில் வைப்பது? நம் ஊருக்கு என் பதில்: முதலில் ரேடியேட்டர், பிறகு காற்றுக் கூலர், அதன்பின் கியர் பாக்ஸ். பெரிய சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்; மிச்சத்தைக் காற்று கவனிக்கும். வரிசையை மாற்றினால், காற்றில் ஆறிய ஆயிலைத் தண்ணீர் மறுபடி சூடாக்கி அனுப்பும். பனி கொட்டும் நாடுகளில் அதையே விரும்பிச் செய்வார்கள். மார்கழிக் காலையில் ஜவ்வாது மலையில் குளிரலாம். அதற்காக வரிசையை மாற்ற வேண்டியதில்லை.

ரேடியேட்டரையே விட்டுவிட்டுக் காற்றுக் கூலரை மட்டும் நம்புகிறவர்களும் உண்டு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் கூலர் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து, ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்து வரும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப் பசையும் கெடும். ஆனாலும் பழைய ரேடியேட்டரை மாற்றுவதே அதற்கு வைத்தியம் என்பேன். மலை வளைவில் நெரிசலில் நிற்கும்போது, தனி விசிறி இல்லாத காற்றுக் கூலர் வெறும் அலங்காரம்.

குழாய் வேலைக்கு வருவோம். இரண்டில் எது சூட்டுக் குழாய் என்று ஊகிக்க வேண்டாம். குளிர்ந்திருக்கும் வண்டியில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சுடுவது வெளியேறும் குழாய். சில வண்டிகளில் ஆயில் சூடாகும் வரை கூலருக்கு வழி விடாத வால்வு உண்டு. அங்கே சற்றுப் பொறுக்க வேண்டும். ரேடியேட்டரில் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: தொட்டியோடு ஒட்டிய நட்டை ஒன்று பிடித்திருக்க, மற்றது குழாய் நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் உள்ளிருக்கும் கூலர் திருகிக்கொள்ளும். ரோஸ்மில்க்குக்கு அதுவே முதல் படி. ஹோஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீருக்கான ஹீட்டர் ஹோஸ் மலிவு என்று போட்டால் சில மாதங்களில் ஊறி உப்பிவிடும். வெட்டிய இரும்புக் குழாயின் மொட்டை முனையில் ஹோஸைச் செருகி கிளாம்ப் போடுவதும் ஆபத்து. முனையில் சிறு புடைப்பு எடுத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு வரும். ஹோஸ் கழன்றால் ஆயில் முழுவதும் சாலையில் கொட்ட அதிக நேரம் ஆகாது. கூலரை அதன் தகடுகளின் ஊடே பிளாஸ்டிக் பட்டை கோத்துக் கட்டாதீர்கள்; அதிர்வில் அறுத்து ஓட்டை போடும். தாங்கிப் பட்டை அடித்து போல்ட் போடுங்கள்.

இனி மீட்டர். எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: பல வண்டிகளில் ஆயில் வெப்ப சென்சார் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்கேனர் சாக்கெட்டில் கருவியை மாட்டினால் எண் தெரிந்துவிடும். அது கிடைக்காதபோதுதான் தனி சென்சார். கியர் பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில் வைத்தால் நிதானமான அளவு கிடைக்கும். அன்றாடக் கண்காணிப்புக்கு அதுவே போதும். வெளியேறும் குழாயில் வைத்தால் ஏற்றத்தில் சூடு துள்ளுவது உடனே தெரியும். முள் குதிப்பதைக் கண்டு பதறாத டிரைவருக்கு அது ஏற்றது. கூலரைத் தாண்டித் திரும்பும் குழாயில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே கூலரின் திறமை தெரியும், கியர் பாக்ஸின் நிலை தெரியாது.

ஒற்றை ஒயர் சென்சார் என்றால் இன்னொரு கவனம். அது தன் திருகின் உலோகம் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. கசியக்கூடாது என்று வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் கெடும். சூடு ஏற ஏற மின்தடை குறைவதே இவற்றில் பெரும்பாலானவற்றின் இயல்பு. கெட்ட எர்த்தால் தடை கூடினால், மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பொய் சொல்லும் மீட்டரைவிட மீட்டர் இல்லாததே மேல்.

எண் ஏறினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் கியரைக் கையால் இறக்குங்கள். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கால் நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் நம்மவர்களில் பலருக்கு உண்டு. அப்போது சக்கரம் சுழலாததால், கன்வெர்ட்டருக்குள் போகும் சக்தி முழுவதும் சூடுதான். முள் 120-ஐத் தொட்டால் சமமான இடத்தில் ஒதுக்கி, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். அணைத்தால் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் நின்றுவிடும். கொதிக்கும் ஆயில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கூலரும் ஹோஸும் ஆயில் கொள்ளும் என்பதால், வேலை முடிந்ததும் கையேடு சொல்லும் முறைப்படி அளவு பார்த்து நிரப்புங்கள். டிப் ஸ்டிக் உள்ள வண்டியானால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகப் பரவினால் நலம். பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் கூலர் மட்டும் போதாது, கியர் பாக்ஸையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓடியபின் கிளாம்ப்களை மறுபடி ஒருமுறை பார்த்து இறுக்குங்கள்.

நன்றி, வணக்கம்.